கழுதைப்புலிக் கூண்டு

மிருகக்காட்சிசாலையில் புலி, சிங்கம், யானை எல்லாமே மெஷினாகிவிட்டன. உயிரோடு மிச்சமிருந்தது ஒரு கிழட்டுக் கழுதைப்புலியும், அதற்குக் கறி போடும் பிலோமினாவும்தான்.

அதிகாரி புது மெஷின் கழுதைப்புலியோடு வந்து நின்றார். "பழசை ஊசி போட்டு முடிச்சிடலாம்மா. எப்பப் பாரு தூங்குது, நாறுது. பாக்க வர்றவங்க புகார் குடுக்கிறாங்க."

பிலோமினா கூண்டுக்குள் நுழைந்து, உள்ளேயிருந்து பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஐயோ, இன்னிக்கு அதுக்கு வாராந்தரப் பட்டினி நாளாச்சே!" என்று பதறினார் அதிகாரி.

"பட்டினி போட்டவளே நான்தான் சார்."

கழுதைப்புலி அவளை மோந்து பார்த்துவிட்டுக் காலடியிலேயே படுத்துக்கொண்டது. வெளியே கூட்டம் சேர்ந்தது.

"வெளிய வாங்கம்மா, ஜனங்க பாக்கிறாங்க."

"பாக்கட்டும். நானும் தூங்குவேன், நானும் நாறுவேன். கூண்டு போர்டுல என் பேரையும் சேர்த்து எழுதுங்க."