கையைக் கட்டியவள்

பெற்ற பிள்ளையைக் கொடுமைப்படுத்துகிறாய் என்று வெல்ஃபேர் ஆபீஸிலிருந்து ஒருவர் உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

"உள்ள வாங்க மேடம். வந்து நல்லா பாருங்க," என்றாள் ரோகினி. கையில் இருந்த கரண்டியை அவள் கீழே வைக்கவில்லை.

அதிகாரி சரோஜினிதேவி போர்டிக்சன் டவுனிலிருந்து காரில் வந்திருந்தார். லிங்கி ஊருக்குப் பக்கத்து எஸ்டேட் வீடு. உள்ளே பாயில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள் ஏழு வயது சிந்துஜா. அவளுடைய வலது கை முழங்கை வரை தடித்த துணி கிளவ்ஸுக்குள் இருந்தது. இடது கை மடியில் மூடிக் கிடந்தது.

"தினமும் பிள்ளையோட கைய கட்டிப்போடுறீங்கன்னு போன் வந்திருக்கு. அழுதாலும் அவுக்க மாட்டீங்களாம்."

"கட்டுறேன்தான். அவுக்க மாட்டேன்தான். இது தெராப்பி மேடம்! பொறக்கும்போதே இவளுக்கு செரிப்ரல் பால்சி, இடது கை வராது. நல்ல கைய மூடி வெச்சாத்தான் அந்தக் கை வேலை செய்யுமாம். தினம் ரெண்டு மணி நேரம் மாட்டச் சொல்லி ஆஸ்பத்திரியில சொல்லிக் குடுத்தாங்க."

"வேலை செய்யுதா?"

ரோகினி கரண்டியைப் பார்த்தாள்.

"ஒரு பிஸ்கட்டகூட புடிக்க மாட்டேங்குது. விரலே விரிய மாட்டேங்குது."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு பிடிவாதம்?"

"எப்படி மேடம் விரியும்? நான் கிளவ்ஸ மாட்டுவேன், அவங்கப்பா வந்து ஊட்டி விடுவாரு. அவர வெரட்டுனா பக்கத்து வீட்டு அக்கா வந்து அவுத்து விட்டுடும். ஸ்கூல்ல டீச்சர் புஸ்தகத்தத் தெறந்து குடுக்குறாங்க. வேன்காரரு ஷூ மாட்டி விடுறாரு. ஊர்ல எல்லாரும் நல்லவங்க, நான் ஒருத்திதான் ராட்சசி!"

சரோஜினிதேவி பாயில் குனிந்தார். "சிந்துஜா, கை வலிக்குதாம்மா?"

"பசிக்குது," என்றாள் சிந்துஜா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பிஸ்கட் மூஞ்சிக்கு முன்னாலதானே இருக்கு? எடுத்துத் தின்னுடி!" என்றாள் ரோகினி.

"அந்தக் கை வராது. ஊட்டி விடு."

"கேட்டீங்களா மேடம்? மகாராணி!"

சரோஜினிதேவிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு எழுந்தார். "நான் தெராப்பிஸ்ட்டுகிட்ட பேசிக்கிறேன். ஆனா இன்னொரு புகார் வந்தா விஷயம் என் மேலதிகாரிக்குப் போயிடும். அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது, ரோகினி."

"யாரு மேடம் போன் பண்ணது?"

"அதச் சொல்லக்கூடாது."

"நீங்க சொல்ல வேணாம். எனக்குத் தெரியும்."

கார் மெயின் ரோட்டை எட்டுவதற்குள் ரோகினி வேலியோரம் நின்றாள். அந்தப் பக்கம், பக்கத்து வீட்டு முத்தாயி கங்கோங் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நல்லா இருங்கக்கா. ஆபீசருக்குப் போன் போட்டுச் சொல்ற அளவுக்கு நான் உங்களுக்கு என்னா பண்ணேன்?"

"நானா? நான் எதுக்கு லா போன் போடப் போறேன்? புடிக்கலன்னா உன் மூஞ்சிக்கு நேரா சொல்ல மாட்டேனா? நேத்துகூட உன்ன பேய்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"அப்புறம் என்னா? முனியாண்டி மேல சத்தியமா நான் இல்ல. போயி உன் புருஷனக் கேளு."

புருஷன் குணாளன் செனாவாங் ஃபேக்டரியில் ஷிப்ட் முடித்து வந்து வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியதும் ரோகினி கேட்டேவிட்டாள்.

"நீங்களா?"

"பொண்டாட்டிய நானே புடிச்சிக் குடுப்பனா? உனக்கு என்னா பைத்தியமா?" அவன் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஆனா ஒண்ணு சொல்றேன். போதும் லா, விட்டுடு. வராத கைய வா வான்னு கூப்பிட்டா வருமா? நாளைக்கு இன்னொருத்தன் புகார் குடுப்பான். போலீஸு, ஸ்டேஷன்னு அலையணுமா? ஒரு கைய வெச்சே அது பொழச்சிக்கட்டும்."

"ஒரு கையால எப்படிங்க தலை பின்னும்? எப்படி சட்டை பட்டன் போடும்? நம்ம ரெண்டு பேரும் செத்த பிறகு முத்தாயிக்கா வந்து போட்டு விடுமா?"

"அதுக்குன்னு பிள்ளைய தினம் அழ வைப்பியா?"

ரோகினி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது.

"நாளைக்கு ஒரு நாள் மாட்டுறேன். நாளைக்கும் அந்த விரலு விரியலன்னா கிளவ்ஸ அடுப்புல போட்டுடுறேன். அப்புறம் எல்லாரும் சேந்து ஆயுசுக்கும் ஊட்டி விடுங்க."

மறுநாள் காலை ரோகினி சிந்துஜாவின் வலது கையில் கிளவ்ஸை மாட்டிவிட்டுத் துணி காயப்போடப் போனாள். திரும்பி வந்தபோது சிந்துஜா மேசைக்கு அடியில் இருந்தாள். அம்மாவின் போனைத் தரையில் வைத்து, இடது கை ஆள்காட்டி விரலை நீட்டி, ஒவ்வொரு எண்ணாக அழுத்திக்கொண்டிருந்தாள்.

"ஹலோ புவான், வெல்ஃபேர் ஆபீஸா? மறுபடியும் நான்தான்," என்றாள் பள்ளிக்கூட மலாயில். "நீங்க அனுப்புனவங்க சும்மா பேசிட்டுப் போயிட்டாங்க. அம்மா இன்னிக்கும் கைய கட்டிட்டாங்க."