மூன்றாவது கோளாறு

"பேட்டரி செத்துப்போச்சுன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க அக்கா. மத்ததை நான் பார்த்துக்கறேன்," என்று மகன் மெக்கானிக்கின் காதில் கிசுகிசுத்தான்.

ஏரித்துறையில் கட்டியிருந்த அந்தச் சின்ன ஜெட் படகின் இன்ஜின் மூடியைத் திறந்துவைத்துக் குனிந்திருந்தார் மெக்கானிக். ஐம்பதைத் தொட்ட பெண்மணி. நெற்றியில் கிரீஸ் கறை.

"ஏன் தம்பி? அப்பாவுக்கு அக்கரையில அவசர வேலைன்னாங்களே?"

"அவசரம்தான். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கல்யாணம்."

"யாருக்கு?"

"அவருக்குத்தான்!"

கரையில் அப்பா புதுச் சட்டையுடன் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். சற்றுத் தள்ளி மகள், கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள்.

"கார்ல சுத்திக்கிட்டுப் போயிடுவாரே?"

"காரைக் காலையிலேயே சர்வீஸுக்கு விட்டுட்டேன்." மகன் பெருமையாகச் சிரித்தான்.

"பலே ஆளுதான். பொண்ணு எப்படி?"

"யாரு பார்த்தா? பேரைக்கூடச் சொல்ல மாட்டேங்கறார். ஆபீஸ்ல வெச்சுப் பார்த்துக்குங்கன்னுட்டார். எவளோ ஒரு மினுக்கி. வீட்டைப் பார்த்து வலை வீசியிருப்பா."

"இருக்கும், இருக்கும். அந்த மாதிரி ஆளுங்களை நம்பவே கூடாது," என்றபடி மெக்கானிக் மீட்டரின் முனைகளை பேட்டரியில் வைத்தார். "ஆனா பேட்டரி சிங்கம் மாதிரி இருக்கே தம்பி!"

வயரைக் கழற்றிப் பார்த்தார். பேட்டரி முனையைச் சுற்றி செல்லோடேப் ஒட்டியிருந்தது.

"சுருக்கமே இல்லாம எவ்வளவு அழகா ஒட்டியிருக்காங்க! நல்ல கை."

மகன் ஏரியைப் பார்த்தான்.

டேப்பை உரித்து வயரை முடுக்கியதும் படகின் விளக்குகள் எரிந்தன. "ஆகா, லைட்டு வந்துடுச்சு!" என்று கரையிலிருந்து அப்பா கைதட்டினார்.

"லைட்டு மட்டும்தான் சார் வந்திருக்கு. சாவியைத் திருப்பினா மூச்சே இல்ல."

மகனின் முகம் மலர்ந்தது. உடனே மகள் படகில் ஏறினாள். "அண்ணா, அப்பா வெயில்ல நிக்கறார் பாரு. போய்த் தண்ணி குடு," என்று அவனை விரட்டிவிட்டு மெக்கானிக்கின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒரு உதவி..."

"உனக்கும் பேட்டரி சாகணுமா?"

"எது செத்தாலும் சரி. ஸ்பேர் பார்ட் கிடைக்க ரெண்டு நாள் ஆகும்னு சொல்லுங்க, போதும்."

மெக்கானிக் ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார். வரிசையில் ஓர் இடம் மட்டும் பல் விழுந்த மாதிரி காலியாக இருந்தது.

"ஸ்டார்ட்டர் ஃபியூஸைக் காணோம். சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும். கைப்பையில போட்டாக்கூடத் தெரியாது."

மகள் கைப்பையை இன்னும் இறுக்கினாள். கண் கலங்கியது. "எங்கம்மாவோட மூக்குக்கண்ணாடி இன்னும் அலமாரியிலயே இருக்கு அக்கா. அதுக்குள்ள அவங்க இடத்துல இன்னொருத்தி வந்து உட்காரணுமா?"

மெக்கானிக்கின் கை நின்றது.

"அந்த இடத்துல யாரும் உட்கார முடியாதும்மா. அது அப்படியேதான் இருக்கும்." ஸ்க்ரூ டிரைவரைத் துணியில் துடைத்தார். "சரி, அப்பா ராத்திரி என்ன சாப்பிடறார்?"

"தெரியல. போன்ல கேட்டா சாப்பிட்டேன்னு சொல்வார்."

"தனியா இருக்கறவங்க எல்லாருமே அப்படித்தான் சொல்வாங்க."

மகள் கைப்பையைத் திறந்து, ஃபியூஸை எடுத்து, மெக்கானிக்கின் உள்ளங்கையில் வைத்தாள்.

அதைச் செருகிச் சாவியைத் திருப்பியதும் இன்ஜின் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது, பிடிக்கவில்லை. மகன் ஓடி வந்தான். அப்பா மட்டும் கரையிலேயே நின்றார்.

"இங்க ஒரு சிவப்புக் கயிறு மாட்டியிருக்கணும்," என்றார் மெக்கானிக். "மறுமுனை ஓட்டுறவர் மணிக்கட்டுல இருக்கும். அவர் தண்ணியில விழுந்தா இன்ஜின் தானா நின்னுடும். அது இல்லாம இன்ஜின் பிடிக்காது. எடுத்தது யாரு?"

"சத்தியமா நான் இல்ல. நான் டேப் ஒட்டினதோட சரி," என்றான் மகன்.

"டேப்பா? நான் ஃபியூஸை மட்டும்தான் எடுத்தேன்," என்றாள் மகள்.

"அடிப்பாவி, ஃபியூஸா?"

மெக்கானிக் கரையில் இறங்கினார். நேராக அப்பாவிடம் போய், ஒரு வார்த்தை கேட்காமல், அந்தப் புதுச் சட்டையின் பையில் கைவிட்டுச் சிவப்புக் கயிற்றை இழுத்தெடுத்தார்.

"நான் இதை மட்டும்தான் எடுத்தேன்," என்றார் அப்பா அசட்டுச் சிரிப்புடன். "மத்த ரெண்டும் எனக்குத் தெரியவே தெரியாது."

மகன் துள்ளினான். "அப்பா! அப்ப உங்களுக்கே இதுல இஷ்டம் இல்லையா? முன்னாடியே சொல்லியிருந்தா காரையாவது விட்டு வெச்சிருப்பேனே!"

அப்பா படகில் ஏறி, கயிற்றை மாட்டிச் சாவியைத் திருப்பினார். இன்ஜின் உறுமிக்கொண்டு பிடித்தது. மெக்கானிக் ஏரித் தண்ணீரில் கையையும் முகத்தையும் கழுவிக்கொண்டு வந்து, அவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்.

"வேலைதான் முடிஞ்சுதே, நீங்க எங்க அக்கா வர்றீங்க?" என்று கேட்டாள் மகள்.

"உங்க மனசுல இருக்கறதை உங்க வாயாலயே கேட்கணும்னு கயிற்றை எடுத்து வைக்கச் சொன்னதே நான்தான். வாங்க, சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் வேணும். அப்புறம் அக்கான்னு கூப்பிடறதை இதோட நிறுத்திக்கம்மா, மத்தியானத்துக்கு மேல முறை மாறிடும்!"