ஃபிரிட்ஜ் கதவுக் கணக்கு

“என் தம்பி மானத்தக் கப்பலேத்துறதுன்னு முடிவே கட்டிட்டியாம்மா?”

செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிட்டாள் அக்காக்காரி. இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். வழியெல்லாம் சேர்த்து வைத்ததை இறக்கி வைக்க வேண்டாமா?

தம்பி பெண்டாட்டி அசரவில்லை. சமையலறையில் ஃபிரிட்ஜ் கதவைத் துணியால் பளபளவென்று துடைத்துக்கொண்டிருந்தாள். எதிரே ஒரு ஸ்டூல், அதன் மேல் சர்க்கரை டப்பா, அதன் மேல் செல்போன், அது சாயாமலிருக்க இரண்டு பக்கமும் நூல்கண்டு. ஸ்டூடியோ என்றால் இவ்வளவுதான். வாரத்தில் ஆறு நாள் தையல் கம்பெனியில் துணி வெட்டுகிறவள், ஏழாம் நாள் இங்கே நின்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு வீடியோ எடுக்கிறாள்.

“வாங்க அண்ணி. கொஞ்சம் மெதுவா. இப்ப எடுக்கப் போறேன், உங்க குரலும் சேந்து பதிவாயிடும்.”

“ஆகட்டுமே! நாலு பேரு கேக்கட்டும். அரையும் மூணுல ஒண்ணும் சேந்தா அஞ்சுல ரெண்டுன்னு எழுதினியாமே போன வாரம்? எங்க ஆபீஸ் கேன்டீன்ல ஒருத்தி என் மூஞ்சிக்கு நேரா போனை நீட்டிச் சிரிக்கிறா. டீ தொண்டையில எறங்கல எனக்கு.”

“அதான் திங்கக்கிழமை திருத்தம் போட்டுட்டேனே அண்ணி.”

“ஆமா, ஞாயித்துக்கிழமை தப்பு, திங்கக்கிழமை திருத்தம். நல்ல பொழப்பு! யாரு பெண்டாட்டி நீ? பதினெட்டு வருஷம் கணக்கு வாத்தியாரா இருந்தவன் பெண்டாட்டி!”

அந்தக் கணக்கு வாத்தியார் உள் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தலையில் அடி. காயம் ஆறி ஐந்து மாதமாகிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், மண்டைக்குள் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கிறது என்று சொல்லிவிட்டார். இவன்தான் கட்டிலை விடுவதாயில்லை. ஒன்றாம் தேதி வேலைக்கு வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று பள்ளிக்கூடத்திலிருந்து கடிதமும் வந்துவிட்டது. அதற்கு இன்னும் பதினாறே நாள்.

“அவனே நொந்து கெடக்கான். ஸ்டாஃப் ரூம்ல உன் வீடியோவப் போட்டுப் போட்டுப் பாக்குறாங்களாம். இதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவன் அங்க போவான்? சேனல மூடு. அதச் சொல்லத்தான் வந்தேன்.”

“மூட மாட்டேன் அண்ணி.”

குரல் ஒரு துளி உயரவில்லை. அதுதான் அக்காவுக்குத் தாங்கவில்லை. திருப்பிச் சண்டைக்கு வராதவளிடம் எவ்வளவு நேரம்தான் ஒற்றை ஆளாகச் சண்டை போடுவது?

“அப்ப தப்பில்லாமயாவது போட்டுத் தொலையேன்! துணி வெட்டுனா ஒரு நூல் பிசகாது உனக்கு. இங்க வந்து நின்னா மட்டும் புத்தி எங்க மேயப் போவுது?”

தம்பி பெண்டாட்டி துடைத்த துணியை மடித்து வைத்தாள். புழுக்கமாக இருந்ததோ என்னவோ, உள் அறைக் கதவை நன்றாக அகலத் திறந்து வைத்துவிட்டு வந்து செல்போனைத் தட்டினாள்.

“வணக்கம் பிள்ளைங்களா! பத்தடி நீளம், பத்தடி அகலம், ஒரு துணி.” ஃபிரிட்ஜ் கதவில் மார்க்கரால் ஒரு சதுரம் முளைத்தது. “நீளத்த இருபது சதவீதம் கூட்டுறோம். அகலத்த இருபது சதவீதம் குறைக்கிறோம். இப்ப பரப்பளவு என்ன? இங்க கூட்டினது அங்க குறைஞ்சு போச்சு. ஆக, அதே நூறு சதுர அடி!”

அக்கா தன்னையறியாமல் தலையாட்டினாள். அப்பாடா, இன்றைக்காவது ஒழுங்காகச் சொல்லிவிட்டாள்!

“தொண்ணூத்தாறு!”

உள்ளேயிருந்து வந்த அதட்டலில் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பின்னாலேயே தம்பி வந்தான். மாதக்கணக்கில் வளர்ந்த தாடி, கசங்கிய சட்டை. பெண்டாட்டி கையிலிருந்த மார்க்கரை வெடுக்கென்று பிடுங்கினான்.

“நீளம் பன்னெண்டு, அகலம் எட்டு. பன்னெண்டெட்டு தொண்ணூத்தாறு! ரெண்டைக் கூட்டி ரெண்டைக் கழிச்சா சரியாப் போச்சா? பெருக்கல் இது, பெருக்கல்! மிச்ச நாலு சதுர அடிய யாரு தின்னா? பிள்ளைங்க உருப்படுமா?”

ஃபிரிட்ஜ் கதவு நிரம்பும் வரை எழுதித் தள்ளினான். அப்புறம்தான் விருந்தாளி கண்ணில் பட்டாள். “வாக்கா” என்றான். “கொஞ்சம் சொல்லி வை இவகிட்ட” என்று மார்க்கரை மேடையில் வீசிவிட்டுக் கட்டிலுக்கே திரும்பிப் போனான்.

அக்கா தம்பி பெண்டாட்டி பக்கம் திரும்பினாள்.

“பாத்தியா? என்னமாக் கொதிக்கிறான் பாத்தியா? முடியாம கெடக்குறவன நிம்மதியாப் படுக்கக் கூட விட மாட்டேங்குற. இவ்வளவு கூடத் தெரியாதவளுக்கு எதுக்கும்மா வீடியோ?”

தம்பி பெண்டாட்டி முதலில் போய் உள் அறைக் கதவைச் சாத்தினாள். பிறகு கைப்பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள். அவள் கையெழுத்துதான். நேற்றைய தேதி. பன்னிரண்டு பெருக்கல் எட்டு, தொண்ணூற்றாறு. அதன் கீழே கோடு போட்டு, ‘நூறு என்று சொல்ல வேண்டும். உரக்க.’

“அடிபட்டதுல கணக்கெல்லாம் மறந்து போச்சுன்னு நெனச்சிட்டுப் படுத்திருக்காரு அண்ணி,” என்றாள் தணிந்த குரலில். “மொதத் தப்பக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு நாள் பூரா ஆச்சு, இன்னிக்கிப் படுத்த எடத்துலேர்ந்தே பிடிச்சிட்டாரு. ஒண்ணாந்தேதிக்குள்ள இன்னும் ரெண்டு ஞாயித்துக்கிழமை இருக்கு, ரெண்டு தப்புப் பண்ணிட்டேன்னா மனுஷன் கெளம்பிடுவாரு.”