முகம் காட்டிய கார்டு

ஒரு பர்ஸுக்குள் மூன்று கிரெடிட் கார்டுகள் குடியிருந்தன. ஒருநாள் பர்ஸின் சொந்தக்காரர் அவற்றை மேஜைமேல் எடுத்துப் போட்டதும் செல்போன் அறிவித்தது: "உங்களில் ஒருவரை எனக்குள் சேர்த்துக்கொள்ளப் போகிறேன். இனிக் கடையில் என்னைக் காட்டினாலே போதும்."

தேய்ந்து வெளுத்த நீலக் கார்டு மற்ற இரண்டிடமும் கிசுகிசுத்தது.

"தோழர்களே, ஒருத்தன் உள்ளே போனா மூணு பேருக்கும் வேலை போச்சு. குப்புறப் படுங்க. நம்பரைப் பார்க்காம அதால ஒண்ணும் பண்ண முடியாது."

பச்சைக் கார்டு உடனே குப்புறப் படுத்தது. தங்க நிறக் கார்டு சிரித்தது.

"உங்களை யாரும் கூப்பிட மாட்டாங்கங்கிற வயித்தெரிச்சல்ல பேசறீங்கண்ணே. எனக்கு வருஷச் சந்தா கிடையாது, பாயின்ட்டும் ரெட்டிப்பு. என்னை விட்டா யாரு?"

அது நிமிர்ந்து படுத்து முகத்தைக் காட்டியது. செல்போன் படம் பிடித்து நம்பரை எடுத்துக்கொண்டது.

மறுநாள் செல்போன் மட்டும் கடைக்குக் கிளம்பியது. மூன்று கார்டுகளும் மேஜை இழுப்பறைக்குள் போயின.

"என்னைத்தானேண்ணே தேர்ந்தெடுத்தாங்க? நான் ஏன் இங்க கிடக்கேன்?" என்று இருட்டில் தங்க நிறக் கார்டு கேட்டது.

நீலக் கார்டு, பச்சைக் கார்டைச் சற்றுத் தள்ளிப் படுக்கச் சொல்லி, தம்பிக்கு இடம் விட்டது.