பச்சையாக எரியாத மருந்து

"எவனோ ஒரு களவாணிப் பய என்னையே ஏமாத்திட்டான் டீச்சர். இது இன்னா தூளுன்னு நீங்க எழுதிக் குடுங்க. அவன இன்னிக்கி உண்டு இல்லன்னு ஆக்கிடறேன்."

பள்ளிக்கூட லேபுக்குள் செருப்போடு நுழைந்த காசிநாதன், பொட்டலத்தை மேசைமேல் அறைந்தார்.

கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் மக்காச்சோளத்தைப் பேரம் பேசி வாங்கி, பேரம் பேசி விற்று ஆளானவர். இருபத்தைந்து வருசத்தில் எவனும் அவர் தலையில் மிளகாய் அரைத்ததில்லை. குடோனில் எலி ஆறு மூட்டையைத் தின்று தீர்க்கவே, சின்னசேலத்தில் ஒரு பூச்சிமருந்துக் கடையில் இந்த எலி மருந்தை வாங்கி வைத்தார். வாரம் ஒன்றாச்சு.

"சாவலன்னாகூடப் பரவால்ல டீச்சர். குண்டாயிக்கினு போவுது."

மனைவி சின்னப்பொண்ணு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மனுசன் கடைக்காரன்மேல் கை வைத்துவிடப் போகிறாரே என்று பைக்கில் கூடவே தொற்றிக்கொண்டு வந்தவள் அவள்.

"மருந்து பேரு இன்னா சொன்னாரு?" என்றார் வேதியியல் டீச்சர் மணிமொழி.

"தாலியம்."

டீச்சர் நாற்காலியைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தார். "தடை பண்ணுன சரக்குங்க அது. தாலியம் சல்பேட்டுக்கு மணமும் கெடையாது, ருசியும் கெடையாது. நம்ம உடம்பு அதப் பொட்டாசியம்னு நம்பி உள்ள வுட்டுடும். அப்புறம் முடி கொட்டும், நரம்பு போவும், ஆளே போயிடும்."

"பொட்டாசியம் பேருல உள்ள பூந்துடுதா?" காசிநாதனுக்கு அந்தச் சரக்குமேல் லேசாக ஒரு மரியாதை வந்தது.

கையுறை மாட்டிய டீச்சர், கம்பி நுனியில் துளித் தூளைத் தொட்டு நெருப்பில் காட்டினார். "தாலியமா இருந்தா பச்சையா எரியணும்."

பளிச்சென்று மஞ்சளாக எரிந்தது. மீதித் தூளில் ஒரு சொட்டு அயோடின் விட்டார். கருநீலமானது.

"மஞ்சளா எரிஞ்சா உப்பு, கருநீலமானா மாவு. இது வெறும் உப்பும் மாவுந்தாங்க."

அடுத்த அரைமணியில் காசிநாதன் சின்னப்பொண்ணோடு அந்தப் பூச்சிமருந்துக் கடை வாசலில் நின்றார்.

"யோவ், இன்னாய்யா வித்த எனக்கு?"

கடைக்காரர் பதறவில்லை. "மாவுதாங்க. கொஞ்சம் உப்பும் போட்டேன். நீங்க பேசி அடிச்ச வெலைக்கு அதுவே ஜாஸ்தி."

"என்ன இன்னா கேனயன்னு நெனச்சியா?"

"இல்லீங்க. கொலகாரருன்னு நெனச்சேன்."

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது.

"அன்னிக்கி இங்க நின்னுக்கினு போன்ல யாரையோ, 'வூட்டுக்கு வந்து உன் கதைய முடிக்கிறேன்'னு கத்துனீங்க. போன வெச்சதும், மணமில்லாத, ருசியில்லாத மருந்து ஒண்ணு வேணும்னீங்க. எலிக்கின்னு எப்பிடிங்க நம்பறது? மருந்து இல்லேன்னு சொன்னா வேற கடைக்கிப் போவீங்க. அதான் தாலியம்னு பேர மட்டும் பெருசா சொல்லி, மாவக் கட்டிக் குடுத்தேன்."

"அது... மோட்டார நிறுத்த மறந்துட்டாளேன்னு... இவளத்தான்..."

காசிநாதன் ஓங்கிய கையை இறக்கி மனைவியைக் காட்டினார்.

சின்னப்பொண்ணு கடைக்காரர் எதிரே போய் நின்றாள்.

"அண்ணே, என்னக் காப்பாத்தணும்னு நெனச்சீங்க, நல்லா இருங்க. ஆனா வேலைய பாதியில வுட்டுட்டீங்க. மீதியும் நீங்கதான் சரி பண்ணணும். எலி கெடக்குது, இந்தாளு வாய்க்கு ஒரு மருந்து கட்டிக் குடுங்க."