சீட்டு விழுந்த வீடு

தொப்பென்று பாட்டுப் புத்தகம் பலகைத் தரையில் விழுந்தது. பெண்கள் பக்கமிருந்து ஒரு கதறல் கிளம்பியது. கதறியவள் லவைனா. புத்தகத்தைக் கைநழுவ விட்டவன் அவள் கணவன் ஏனோஸ்.

பிஷப் ஹெர்ஷ்பர்கர் குனிந்து அதை எடுத்தார். உள்ளே செருகியிருந்த துண்டுச் சீட்டை எல்லோருக்கும் காட்டினார். ஒரே ஒரு புத்தகத்தில்தான் சீட்டு இருக்கும். ஆளுக்கொரு புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த ஐந்து ஆண்களில், பழைய முறைப்படி வாழும் அந்த ஆமிஷ் கிறிஸ்தவச் சபைக்கு அடுத்த போதகர் யாரென்று முடிவாகிவிட்டது. சம்பளம் கிடையாது, சாகும்வரை இறக்கி வைக்க முடியாத சுமை.

அன்று காலை சபையார் ஒவ்வொருவராகப் போய், கதவிடுக்கு வழியாக உள்ளே இருந்த பிஷப்பிடம் ஒரு பெயரை முணுமுணுத்திருந்தார்கள். மூன்று பேராவது சொன்ன பெயர்தான் சீட்டுக்கு வரும். யார் யாரைச் சொன்னார்கள் என்பது வெளியே வராது. லவைனாவிடம் மட்டும் பிஷப் "யாரு?" என்று இரண்டு தடவை கேட்டார். அழுது அழுது அவள் தொண்டை கட்டிப்போயிருந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

"பாவம்டி லவைனா. போன அறுவடையிலதான் பிள்ளையைப் புதைச்சா. இப்ப இது வேற," என்றாள் பின்வரிசையில் ஒருத்தி.

ஏனோஸ் எழுந்திருக்கவில்லை.

"என்னால முடியாது பிஷப். வைக்கோல் பரண் ஓட்டையை மூடாம வந்தவன் நான். என் ரூபன் அதுல விழுந்துதான் செத்தான். இவங்க முன்னாடி நின்னு நான் என்ன பேசுவேன்?"

"உன்னைப் பேசச் சொல்லலையே. எழுந்து நில்லு, அது போதும்," என்றார் பிஷப். "நானும் எத்தனையோ வருஷமா நிக்கிறேன். கையில குறிப்பு கிடையாது, வாயில வார்த்தை கிடையாது. ஆண்டவர் கொடுத்தாத்தான் உண்டு. கொடுக்காத அன்னைக்கு நின்னு அழுதிருக்கேன். நீயே பார்த்திருக்கே."

ஏனோஸ் எழுந்தான். பிஷப் அவன் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

வெளியே வண்டியில் குதிரையைப் பூட்டும்போது லவைனாவின் தம்பி மெல்வின் வந்தான்.

"மச்சான், இத்தனை நாள் ஆராதனையில நீங்க தூங்கினீங்க. இனிமே எங்களைத் தூங்க வைக்கிறதுதான் உங்க வேலை."

சொன்னவனாலேயே சிரிக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

கல்லறை மேட்டைத் தாண்டும்வரை கணவனும் மனைவியும் பேசவில்லை. அது அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது. ரூபன் போனதிலிருந்து "சாப்பிட வாங்க", "பால் கறந்தாச்சு" என்பதற்கு மேல் அவள் ஒன்றும் சொன்னதில்லை. அவனும் கேட்டதில்லை. கேட்டால் என்ன வரும் என்று அவனுக்குப் பயம்.

ஏனோஸ் கடிவாளத்தை இழுத்து வண்டியை நிறுத்தினான்.

"எந்த மூணு பேரு என் பேரைச் சொன்னாங்கன்னு தெரிஞ்சா, அவங்க கால்ல விழுந்து கேட்பேன் லவைனா. பிள்ளையைக் கொன்னவன்கிட்ட என்னத்தைக் கண்டீங்கன்னு. பெத்தவ நீ, உன்னாலேயே என் முகத்தைப் பார்க்க முடியலை. அவங்களால எப்படி முடிஞ்சது?"

லவைனா அவன் பக்கம் திரும்பினாள்.

"அதுல ஒருத்தி நான்தாங்க."