விடிந்ததும் மறந்துபோகிறவர்

குறட்டைக்காகத்தான் அமலோற்பவம் தூக்கப் பரிசோதனைக்கு வந்திருந்தாள். தலையெல்லாம் பசை தடவி ஒயர்களை ஒட்டிய நர்ஸ் ஷீபா, "கனவும் பதிவாகும்க்கா, காலையில காட்டுறேன்" என்றாள்.

"எனக்கு ஏதும்மா கனவு? வீட்டுக்காரர் செத்து மூணு வருசமாச்சு. ஒரு நாள்கூட வரல."

விடிந்ததும் ஷீபா திரையைத் திருப்பினாள். மங்கலான படத்தில், அவள் கணவர் சூசை கட்டிலோரம் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"ராத்திரி நாலு தடவை வந்திருக்காருக்கா. முழிச்சதும் உங்களுக்கு மறந்துபோகுது."

அமலோற்பவம் அவர் உதடுகளையே பார்த்தாள். "என்ன சொல்றாரு?"

"சத்தம் பதிவாகாதுக்கா."

ஒயர்களைக் கழற்ற வந்த கையை அவள் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் தூங்குறேன்மா. அவர் வந்து பேசுனதும் என்னைய எழுப்பி, நான் மறக்குறதுக்குள்ள என்ன சொன்னாருன்னு கேட்டிரு."